தேடுவது கர்த்தரையா, ஜாதியையா?

அடி அண்ணாமலையிலிருந்து ஆவடிக்குப் பிழைக்கப் போயிருக்கும் இளந்தோழர் ஒருவர் சென்ற வாரம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக் கொண்டபடியால் வெளியிடவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியல்ல. ஆதலால் அதை வாசகர்கள் முன் வைத்து, நமக்குத் தோன்றுகிற பதிலையும் சொல்லலாமென்று இதை எழுதுகிறோம்.

தோழர் ஆதித்திராவிடக் கிருஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். டேனிஷ் மிஷன் பாதிரிகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சுற்றிக் கொண்டிருந்த காலத்தில் அவருடைய முன்னோர் வேதத்தில் சேர்ந்தார்கள். தோழரோ நம் பத்திரிகையைப் படித்தும், கூட்டங்களுக்கு வந்தும், தானே யோசித்தும், கடவுளும் வேண்டாம் வேதமும் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்து சில வருஷங்களாகின்றன. தகப்பனார் காலமாகிவிட்டார். எழுபது வயதுத் தாயார் மாத்திரம் இருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஆவடியில் குடியேறினார். அந்தத் தாயார் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு ஒரு கோயில் பார்த்துக் கொடுடா. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு உட்கார வேண்டும். நான் செத்தால் எடுத்துப் போட ஆள் வேண்டும்."

"நான் நம்பாத ஒன்றை என் தாயாருக்காகத் தேடலாமா? தேடினால் நான் சுயமரியாதைக்காரனா? தேடாவிட்டால் நான் மகனா?" என்று தோழர் கேட்கிறார்.

கேள்வி நேர்மையான கேள்வி. அதற்குச் சட்டென்று ஒரு வரியில் பதில் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. முதலில் அவர் கோயில் தேடிய கதையைச் சொல்லுகிறோம். ஏனெனில் பதிலில் பாதி அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

நாலு ஞாயிறு, நாலு கோயில்

ஆவடி என்பது ஒரு ஜாதியாருக்கோ ஒரு பாஷைக்காரருக்கோ சொந்தமான ஊரல்ல. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது முதல் பல சீமை ஜனங்களும் அங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். தெலுங்கர், மலையாளி, வடநாட்டார், ஒரியர், திருநெல்வேலிக்காரர், நம் ஆற்காட்டுப் பக்கத்தார் எல்லாரும் ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் நீட்டுகிற இடம். 2019-ல் அது மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன ஜாதி என்று தெரியாமலே பத்து வருஷம் குடியிருந்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரிலாவது ஒரு மனிதன் வெறும் மனிதனாகப் போய்க் கோயிலில் உட்காரலாம் அல்லவா? தோழரும் அப்படித்தான் நினைத்தார். கைபேசியில் தேடிப் பார்த்தால் ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், மார்த்தோமா, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று கணக்கில்லாமல் வந்து விழுந்தன. கடைத்தெருவில் துணிக்கடை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாமென்று தாயாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

முதல் ஞாயிறு போன கோயிலில் நல்ல கட்டடம், நல்ல வாத்தியம், காதுக்கு இனிய பாட்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் கை குலுக்கி விசாரித்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"திருவண்ணாமலைங்க."

"டவுனா?"

"இல்லைங்க, அடி அண்ணாமலை."

"அங்கே எந்தத் தெரு? அப்பா என்ன செய்தார்?"

தெருவைச் சொன்னார். அப்பா கூலி வேலை செய்தார் என்றும் சொன்னார்.

"அப்படியா, ரொம்பச் சந்தோஷம். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் உங்க ஜனங்க நிறையப் பேர் வருகிற சபை ஒன்று இருக்கிறதே, பார்த்தீர்களா? அம்மாவுக்கு அதுதான் வசதியாயிருக்கும்."

கவனியுங்கள்! 'நீ என்ன ஜாதி?' என்று அந்தப் பெரியவர் கேட்கவில்லை. கேட்டால் பாவம். ஆனால் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, தகப்பன் தொழிலைக் கேட்டு, பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பது போல் தட்டிப் பார்த்து, ஜாதியைத் தெரிந்து கொண்டு, வழியையும் காட்டி அனுப்பிவிட்டார். இந்த மரியாதையை என்னவென்று சொல்வது?

இரண்டாவது ஞாயிறு போன கோயிலில் பழைய சபையின் மாற்றுக் கடிதம், சந்தாப் புத்தகம், ஆயுட்கால அங்கத்தினர் இருவரின் சிபாரிசு எல்லாம் கேட்டார்கள். வாசலில் கமிட்டியார் பெயர்ப்பலகை இருந்தது. அதிலிருந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது கோயிலில் மிக மரியாதையாக நடத்தினார்கள். ஆனால் ஆராதனை மலையாளத்தில்; தாயாருக்கு 'ஆமென்' ஒன்றுதான் புரிந்தது.

நாலாவது ஞாயிறு ஒரு தகரக் கொட்டகை. அங்கே எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. கிழவிக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். 'அம்மா' என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். தாயார் கண் கலங்கிவிட்டார் என்று தோழர் எழுதுகிறார். இதை நாம் மறைக்காமல் எழுதுகிறோம். உண்மையை மறைத்துப் பிரசாரம் செய்ய வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அன்று சாயந்திரமே பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பழைய ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார். மகன் சம்பளத்தில் தசமபாகம் கர்த்தருடையது என்றார். இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு ஜெபித்தால் போதும் என்றார். அடக்கத்துக்கு என்ன ஏற்பாடு என்று தாயார் கேட்டதற்கு, "சபைக்குக் கல்லறை நிலம் இல்லை அம்மா, பரலோகம் இருக்கிறது" என்றார்!

ஆக, நிலம் இருக்கிற கோயிலில் இடமில்லை. இடமிருக்கிற கோயிலில் நிலமில்லை. இதுதான் கதை.

ஜாதி வந்த வழி

'இது யாரோ நாலு பேர் செய்த தவறு, மதத்தின் தவறல்ல' என்று சொல்லக் கூடும். சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரி ராபர்ட் டி நோபிலி, அங்கே ஏற்கெனவே பரதவர்களுக்கு மத்தியில் இருந்த தம் சொந்த மதத்துப் பாதிரியாரைவிட்டு விலகி, காவி கட்டி, மரக்கறி உண்டு, பார்ப்பன சந்நியாசி மாதிரி வாழ்ந்தார். சேர்ந்த பார்ப்பனர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக் கொள்ளலாம் என்று 1623-ல் போப்பாண்டவரே அனுமதி கொடுத்துவிட்டார். மேல்ஜாதியாருக்கு ஒரு சாமியார், கீழ்ஜாதியாருக்குப் 'பண்டாரசாமி' என்று பாதிரிகளே இரண்டு தினுசானார்கள். ஆண்டவன் ஒருவன், ஆனால் அவனுடைய ஆள் இரண்டு!

பிராட்டஸ்டண்டுகள் மாத்திரம் யோக்கியர்களா? 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது முதல் லுத்தரன் கோயில்களில் ஜாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்காருவது சகஜமாயிருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், கோயிலுக்குள் ஜாதி வித்தியாசத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். உடனே என்ன நடந்தது? கர்த்தருக்காக உயிரையும் கொடுப்போம் என்று பாடிய வேப்பேரி, தஞ்சாவூர் மேல்ஜாதிக் கிருஸ்தவர்கள் கூட்டங் கூட்டமாகக் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். உயிரைக் கொடுக்கத் தயார், ஜாதியைக் கொடுக்கத் தயாரில்லை!

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலைப் பற்றி நம் வாசகர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கும் மற்றவருக்கும் ஒரு பக்கம், நடுவே சுவர். இரண்டு கூடங்களும் பலிபீடத்தண்டை போய்ச் சேரும். கால்சட்டை மாதிரி இருப்பதால் அதற்குக் கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வந்தது. 1910-ல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். அவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வேளாளக் கிருஸ்தவர்கள், சுவர் எங்கள் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட் வரையில் போராடித் தோற்றார்கள். ஏசுநாதர் வந்து இடிக்காத சுவரை ஒரு கடப்பாரை இடித்தது. அந்தக் கடப்பாரையை ஜட்ஜுகள் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்பீர்களா? 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த எறையூரில் வன்னியக் கிருஸ்தவர்களுக்கும் ஆதித்திராவிடக் கிருஸ்தவர்களுக்கும் கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். இரு தரப்பாரும் கத்தோலிக்கர். இரு தரப்பாருக்கும் ஒரே போப்பாண்டவர். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஆதித்திராவிடர்கள் கேட்க நேர்ந்த ஊர் அது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் நின்ற சங்கதியையும் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். உயிர்த்தெழுதல் நாளன்று அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தார் முந்துவார்களா, அந்தப் பக்கத்தார் முந்துவார்களா?

நாம் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையாரே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்தவர்கள் என்றும் சொன்னார்கள். மூன்று பேரில் இரண்டு பேர்! ஆனால் இந்தியாவிலிருந்து ஒரு தாழ்த்தப்பட்டவர் கார்டினல் ஆக 2022 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷந்தான் ஐதராபாத் ஆர்ச் பிஷப் அந்தோணி பூலாவுக்கு அந்தப் பதவி கிடைத்தது.

நாம் ஏற்றுமதி செய்த சரக்கு

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து இல்லாமலில்லை. அமெரிக்காவில் கருப்பு மக்கள் முழங்காலிட்டு ஜெபம் செய்யும்போதே எழுப்பி விரட்டப்பட்டதால், ரிச்சர்டு ஆலன் என்பவர் தலைமையில் 1794-ல் பிலடெல்பியாவில் தங்களுக்கென்று தனிக் கோயில் வைத்துக் கொள்ள நேர்ந்தது. அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான பிறகும், ஞாயிறு காலை பதினொரு மணிதான் அந்தத் தேசத்தில் நிறபேதம் மிகுந்த நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் வருந்திச் சொன்னார். அவர் நாஸ்திகரல்ல, பாதிரியார்!

இதில் நமக்கு வெட்கம் தரும் சங்கதி ஒன்றிருக்கிறது. டொனால்டு மக்காவ்ரன் என்ற மிஷனெரி 1897-ல் மத்திய இந்தியாவில் தமோ என்ற ஊரில் பிறந்து, அந்தப் பக்கத்திலேயே வெகுகாலம் வேலை செய்தவர். இந்த நாட்டில் ஜனங்கள் ஜாதி ஜாதியாகத்தான் மதத்தில் சேருகிறார்கள் என்று கண்டு, மனிதர்கள் தங்கள் இனம், பாஷை, வகுப்பு ஆகிய வேலியைத் தாண்டாமல் கிருஸ்தவராகவே விரும்புகிறார்கள், அந்த வழியே போனால் சபை பெருகும் என்று ஒரு சித்தாந்தம் கட்டினார். 1965 முதல் அவர் கலிபோர்னியாவில் அதைப் போதித்தார். அது சபை வளர்ச்சிக்கான ஒரு சாஸ்திரமாகவே பரவிற்று. அதாவது, பட்டணத்துப் புறநகர்களில் அவரவர் தரத்துக்கு ஒரு சபை என்ற ஏற்பாட்டுக்கு நம் நாட்டு ஜாதி குருவாய் நின்று பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது! மிளகும் ஏலமும் போன கப்பலில் இதுவும் போயிற்று. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் 'உங்க ஜனங்க' சபை இருக்கிறது என்று வழிகாட்டிய ஆவடிப் பெரியவர் எந்தக் கல்லூரியிலும் அதைப் படித்ததில்லை. கல்லூரிக்காரர்தாம் அவர் போன்றவர்களைப் பார்த்துப் படித்தார்.

சர்க்காரின் கணக்கு

கோயிலில் இப்படியென்றால் கச்சேரியில் எப்படி? 1950-ல் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவுப்படி ஹிந்துவாக இருந்தால்தான் தாழ்த்தப்பட்டவன் என்ற சலுகை. 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிருஸ்தவனுக்கு இல்லை. சென்னையில் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். கிருஸ்தவத்திலும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரமில்லையென்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் மதக் கட்டை நீக்கும்படி சிபாரிசு செய்தது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஒரு கமிஷன். 2023 ஏப்ரலில் நம் சட்டசபை, சலுகையைக் கொடு என்று தீர்மானம் நிறைவேற்றிற்று.

இதன் பலன் என்ன? 'உனக்கு ஜாதி உண்டு, அந்தப் பக்கம் போ' என்று கோயில்காரர் சொல்லுகிறார். 'உனக்கு ஜாதி இல்லை, இந்தப் பக்கம் வராதே' என்று சர்க்கார் சொல்லுகிறது. இழிவுக்கு மாத்திரம் ஜாதி. உரிமைக்கு ஜாதி இல்லை. உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு கணக்கு உண்டா?

மலையைச் சுற்றினால் போதுமா?

'ஹிந்து மதத்தை விட்டுவிட்டுக் கிருஸ்தவனை ஏசுகிறீர்களே' என்று சந்தோஷப்படுகிற ஆசாமிகளுக்கும் ஒரு வார்த்தை. நாம் குடியிருப்பது அடி அண்ணாமலை. ஒவ்வொரு பௌர்ணமியும் நம் வாசல் வழியாகத்தான் சுமார் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போகிறது. அன்றிரவு இந்த ரோட்டில் எல்லா ஜாதியும் தோளோடு தோள் இடித்து நடக்கிறது. 'பார்த்தீர்களா சமத்துவத்தை!' என்று பக்தர்கள் மெச்சிக்கொள்ளுகிறார்கள். ஆனால் இதே ஜில்லாவில் தென்முடியனூர் மாரியம்மன் கோயிலுக்குள் ஆதித்திராவிடர்கள் நுழைவதற்கு 2023 ஜனவரி வரையில் ஆயிற்று. அதுவும் ஏராளமான போலீஸ் காவலோடு. மலையைச் சுற்ற எல்லாரும், மாரியம்மனைப் பார்க்கச் சிலர்! ரோட்டில் கலந்த ஜாதி வீட்டுக்குப் போனதும் பிரிந்து கொள்ளுகிறது. ஆகையால் கிருஸ்தவனிடமுள்ள இந்த நோய் எங்கிருந்து ஒட்டியதென்று ஹிந்துவுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நோயைக் கொடுத்தவன் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பது யோக்கியமாகாது.

வேடிக்கையைப் பாருங்கள். ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சுக் கிருஸ்தவத் துறவி, அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1952 முதல் பல தடவை இந்த மலைக் குகைகளில் வந்து தவம் இருந்தார். வெள்ளைக்காரன் கோயிலை விட்டுவிட்டு நம் குகையைத் தேடி வந்தான்; நம் சேரிக்காரன் குகையையும் கோபுரத்தையும் விட்டுவிட்டு வெள்ளைக்காரன் கோயிலைத் தேடிப் போனான். வந்தவருக்கு வேண்டியது மோட்சம். போனவனுக்கு வேண்டியது மரியாதை. மோட்சம் கிடைத்ததா என்று கேட்டால் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. மரியாதை கிடைத்ததா என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும்!

பாதிரிகள் செய்த நன்மையை நாம் மறந்துவிடவில்லை. சேரிப் பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில்கூட ஏற்றாத காலத்தில், பலகையும் பலப்பமும் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் அவர்கள். திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்து மனிதரானவர்கள் எத்தனையோ பேர். வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாத கிராமம் இந்தப் பக்கத்தில் உண்டா? எழுத்தும் மருந்தும் பலித்தன. ஏன் பலித்தன? எழுத்துக்கும் மருந்துக்கும் ஜாதி கிடையாது, பரீட்சித்துப் பார்க்கலாம். கோயில் பலிக்கவில்லை. அங்கே மனிதரைவிடப் பெரிதாக ஒன்றை வைத்து, அதன் மறைவில் மனிதருக்கு மனிதர் செய்யும் அநியாயத்தை ஒளித்து வைக்க முடிகிறது.

மூன்று கேள்விகள்

இனித் தோழருக்கு நம் பதில்.

தாயாருக்குக் கோயில் தேடுங்கள். தாராளமாகத் தேடுங்கள். பகுத்தறிவு என்பது எழுபது வயதுக் கிழவியைத் தனியறையில் பூட்டி வைப்பதற்கு ஏற்பட்டதல்ல. நாம் நம்பாததை நம்பும்படி பிறரைக் கட்டாயப்படுத்துவது மதக்காரன் வேலை. நாம் நம்பாததைப் பிறர் நம்பக்கூடாதென்று கட்டாயப்படுத்தினால் நாமும் அதே வேலையைத்தான் செய்தவர்களாவோம். தாயாருக்கு வேண்டியது நாலு மனிதர் முகமும், கடைசியில் நாலு தோளும். அது பக்தியல்ல, மனித சுபாவம்.

மாத்திரையை மாத்திரம் விடவிடாதீர்கள். ஜெபம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுச் செய்யட்டும்.

ஆனால் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் அங்குள்ள பெரியவரிடம் மூன்று கேள்விகளை நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி, கட்டடம் எப்படி என்பதெல்லாம் துணிக்கடை விசாரணை. இந்த மூன்றுதான் உண்மையான விசாரணை.

ஒன்று: "உங்கள் கல்லறையில் யாருக்குப் பக்கத்தில் யாரைப் புதைக்கிறீர்கள்?"

இரண்டு: "உங்கள் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள்? உண்டியல் சாவி யார் மடியில் இருக்கிறது?"

மூன்று: "இந்தப் பத்து வருஷத்தில் உங்கள் சபையில் ஜாதி மாறி நடந்த கலியாணம் எத்தனை? பாஸ்டர் வீட்டுக் கலியாணம் எப்படி நடந்தது?"

மூன்றாவது கேள்வியில்தான் எல்லா வேஷமும் கலையும். சந்தேகமிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரன் தேடும் பக்கத்தை விரித்துப் பாருங்கள். 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வன்னியர்', 'ஆர்.சி. ஆதித்திராவிடர்' என்று வரிசையாய்ப் போட்டிருக்கும். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டிருக்கிறது. ஜாதியில் ஒரு சொட்டும் படவில்லை. காலையில் கோயிலில் 'சகோதரன், சகோதரி' என்று பாடிவிட்டு, மத்தியானம் அந்தப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு சம்பந்தம் தேடுகிறவர்களுக்கு இது உறுத்த வேண்டாமா?

இந்த மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லி, பதில் மனதுக்குத் திருப்தியாயிருக்கிற சபை ஒன்று உண்டானால், நாம் அதன் கடவுளை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அந்த மனிதர்களுக்குத் தலை வணங்குகிறோம். தாயாரை அங்கே கொண்டுபோய் உட்கார வையுங்கள். பதில் சொல்லாமல், 'எந்தத் தெரு?' என்று திருப்பிக் கேட்பார்களானால், 'மனிதர்கள் குடியிருக்கிற தெரு' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நமக்கும் ஒரு கேள்வி

இவ்வளவையும் பிறருக்குச் சொன்ன பிறகு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கிழவி கோயிலைத் தேடியது ஏன்? கோயிலைத் தவிர அவருக்கு ஆதரவாய் வேறு கூட்டம் இல்லாததால் அல்லவா? நாம் கூட்டம் போடுகிறோம், பேசுகிறோம், கைதட்டுகிறோம், கலைந்து போகிறோம். மேடையில் கடவுளைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, நம் தோழன் வீட்டில் சாவு விழுந்தால் 'தொலைபேசியில் துக்கம் விசாரித்தேன்' என்கிறோம். பாஸ்டர் சாயந்திரமே வீடு தேடி வந்தார். தசமபாகத்துக்காக வந்தார் என்றாலும் வந்தார். நாம் போனோமா?

கலியாண விஷயமும் அப்படியே. 1967-ல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த திருத்தத்தினால் சுயமரியாதைக் கலியாணம் செல்லுபடியாயிற்று என்று பெருமையடித்துக் கொள்ளுகிறோம். அது ஹிந்துக் கலியாணச் சட்டத்தில் செய்த திருத்தம். கிருஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நம் தோழருக்கு உதவாது. அவர் 1954-ஆம் வருஷத்து விசேஷ கலியாணச் சட்டப்படி ரிஜிஸ்திராரிடம் முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துத்தான் செய்து கொள்ள முடியும். இதை எத்தனை வாலிபர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்? அந்த முப்பது நாளும் ஜாதிக்காரர் மிரட்டாமலிருக்க எத்தனை பேருக்குத் துணை நின்றிருக்கிறோம்?

ஆகவே, ஆவடி, அம்பத்தூர், தாம்பரம் முதலிய இடங்களிலும், நம் திருவண்ணாமலையிலும், அடி அண்ணாமலையிலுமுள்ள தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொள்வதாவது: ஊருக்குப் பத்துப் பேர் சேருங்கள். பெரிய சங்கமும் வேண்டாம், போர்டும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புதிதாய்க் குடிவந்தவன் வீட்டைத் தேடிப் போய் விசாரிப்பது, நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, ஜாதி விட்டுக் கலியாணம் செய்பவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது, சாவு நேர்ந்தால் எந்த மதத்தான் வீடானாலும் பாடைக்குத் தோள் கொடுப்பது. இந்த நாலும் அந்த நோட்டில் எழுதியிருக்கட்டும். அங்கத்தினராவதற்கு ஒரே நிபந்தனை: யாரிடமும் 'எந்தத் தெரு' என்று கேட்கக் கூடாது.

இதை நாம் செய்வதற்கு முன், கோயில் தேடுகிற எந்தத் தாயைப் பார்த்தும் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. செய்த பிறகு சிரிக்க வேண்டிய அவசியமே இராது.

தோழருடைய தாயாருக்கு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர் நீண்டகாலம் சுகமாயிருக்க வேண்டும் என்பதே நம் ஆசை. ஆனால் அந்த நாள் வந்தால், எந்தக் கோயில் கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், நாலு தோளுக்குக் குறைவிராது. அடி அண்ணாமலையிலிருந்து புறப்படுகிற முதல் பஸ்ஸில் நாம் வருகிறோம் என்று அந்த அம்மாளிடம் சொல்லும்படி தோழரைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.